பேஸ்மென்டில் ரேடான்: அளப்பது முதல் குறைப்பது வரை முழுமையான வழிகாட்டி

கனடாவில் யன்னல்களை இறுக மூடி, வீட்டைச் சூடாக்கி வைத்திருக்கும் மாதங்களில், நிலத்தின் அடியிலிருந்து ஒரு வாயு பேஸ்மென்டுக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. அதைச் சுவாசிப்பவருக்கு இருமல் வராது, தலை வலிக்காது, கண் எரியாது. அதுதான் ரேடான். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது இதுதான். புகையே பிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் முதற்காரணமும் இதுதான். கனடாவில் ஆண்டுதோறும் 3,000க்கு மேற்பட்டோர் இதனால் இறக்கிறார்கள் என்பது கனடா சுகாதாரத் திணைக்களத்தின் மதிப்பீடு.

எங்கள் வீடுகளில் பேஸ்மென்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வாடகைக்கு இருக்கும் மாணவர்கள், புதிதாக வந்த குடும்பம், ஊரிலிருந்து வந்து நாள் முழுக்க அங்கேயே இருக்கும் அம்மா அப்பா, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். வீட்டிலேயே ரேடான் அதிகமாகச் சேரும் இடத்தில், அதிக நேரம் இருப்பவர்கள் இவர்கள்தான். இந்த வழிகாட்டி முதலில் அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

இது எங்கிருந்து வருகிறது

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் சிறிதளவாவது எங்கும் உண்டு. அது பல படிகளாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான்-222 பிறக்கிறது. இந்தச் சங்கிலியில் ரேடான் மட்டுமே வாயு. அதனால்தான் அது கல்லுக்குள் கிடக்காமல் மண் துளைகள் வழியே நகர்ந்து மேலே வருகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய எடுக்கும் காலம், 3.8 நாள். வீட்டுக்குள் வந்து சேர அது போதிய அவகாசம்.

திறந்த வெளியில் வரும் ரேடான் காற்றோடு கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். வீடு வேறு மாதிரி. குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழுந்து மாடி யன்னல் இடுக்குகள், கூரை இடைவெளிகள் வழியாக வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் சில பஸ்கால் குறைகிறது. சில பஸ்கால் என்பது மிகச் சிறிய அளவு, உடம்புக்குத் தெரியாது. ஆனால் உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதுபோல் மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு உள்ளே இழுப்பதற்கு அது போதும். சமையலறைப் புகைபோக்கி விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி ஆகியவை ஓடும்போது இழுவை இன்னும் கூடும்.

வாயு நுழையும் வழிகள்: தரையும் சுவரும் சேரும் இடத்து இடைவெளி, கொங்கிரீட் வெடிப்புகள், சம்ப் குழி (நிலத்தடி நீரைச் சேர்த்துப் பம்பால் வெளியேற்றும் தரைக்குழி), தரை வடிகால், குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தளத்தைத் துளைத்து வரும் இடங்கள், உள்ளே குழிவான கொங்கிரீட் கற்களால் கட்டிய சுவர், மண் தெரியும் தாழ்நிலத்தடி (சில வீடுகளின் கீழே தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய தாழ்வான இடம்). இவற்றில் பெரும்பாலானவை உலர்சுவருக்கும் தரைவிரிப்புக்கும் பின்னால் மறைந்திருக்கும். பேஸ்மென்டை அழகாக முடித்துவிட்டோம், வெடிப்பே இல்லை என்று சொல்வதில் பொருளில்லை.

ஊரில் இதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று கேட்பவர்களுக்கு: ஊர் வீடுகளில் பேஸ்மென்ட் இல்லை, ஆண்டு முழுக்கக் கதவும் யன்னலும் திறந்தே கிடக்கும், வாயு சேர்வதற்கு இடமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அதிகம். ஆனால் தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதிக தூரம் போவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஊர் அனுபவத்தை வைத்து இங்குள்ள வீட்டை மதிப்பிட முடியாது.

நுரையீரலில் என்ன நடக்கிறது

ரேடான் வாயுவைவிட, அது சிதைந்து பிறக்கும் பொருட்களே கெடுதல் செய்கின்றன. மூச்சில் போகும் வாயுவில் பெரும்பகுதி மூச்சிலேயே வெளியே வந்துவிடும். ஆனால் அதிலிருந்து பிறக்கும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்றவை திண்மங்கள். அவை தூசியில் ஒட்டியோ தனியாகவோ மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கேயே சிதைந்து ஆல்பா துகளை வெளியிடுகின்றன. ஆல்பா துகளைத் தோலும் ஒரு காகிதத் தாளும் தடுத்துவிடும். ஆனால் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அந்தத் தடுப்பு இல்லை. துகள் நேரே உயிரணுவில் பாய்ந்து டி.என்.ஏ.யை உடைக்கிறது. தவறாகப் பழுதுபார்க்கப்பட்ட ஓர் உயிரணு பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம்.

அளவு பெக்கரலில் சொல்லப்படுகிறது. ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது. 3 மீற்றர் அகலம், 4 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் உயரமுள்ள படுக்கையறையின் கொள்ளளவு 30 கனமீற்றர். அங்கே கனமீற்றருக்கு 200 பெக்கரல் இருந்தால், அந்த அறைக்குள் ஒவ்வொரு நொடியும் 6,000 ரேடான் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. எட்டு மணி நேரம் அதில் தூங்குகிறோம்.

ஆபத்து ஊகமல்ல. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்ற, மலைநோய் என்று அழைக்கப்பட்ட நோய் நுரையீரல் புற்றுதான் என்று 1879லேயே இனங்காணப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988ல் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்தது. வீடுகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2005ல் விடை கிடைத்தது: ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்று ஆபத்து ஏறக்குறைய 16 வீதம் கூடுவது தெரிந்தது. இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் தென்படவில்லை.

புகைத்தலோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 148 பெக்கரல் உள்ள வீட்டில் வாழ்நாள் முழுக்க இருந்தால் புகையே பிடிக்காத 1,000 பேரில் ஏறக்குறைய 7 பேருக்கும், புகைப்பவர்கள் 1,000 பேரில் ஏறக்குறைய 62 பேருக்கும் நுரையீரல் புற்று வரலாம். ரேடான் கூடிய வீட்டில் இருப்பவர் புகைத்தலை நிறுத்துவது, ரேடானை வெளியேற்றக் குழாயும் விசிறியும் போடுவதற்கு (படி 4) நிகரான சிகிச்சை.

உடலில் ரேடான் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் வழக்கமான இரத்தப் பரிசோதனை எதுவும் வைத்தியரிடம் இல்லை. அளக்க வேண்டியது வீட்டைத்தான்.

எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்

கனடாவின் வழிகாட்டு அளவு கனமீற்றருக்கு 200 பெக்கரல். 2007க்கு முன்னர் அது 800 ஆக இருந்தது. பழைய தாள்களில் அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் லீற்றருக்கு 4 பிக்கோகியூரி, அதாவது கனமீற்றருக்கு 148 பெக்கரல். பிரித்தானியாவில் நடவடிக்கை அளவு 200, இலக்கு 100. உலக சுகாதார அமைப்பு 2009ல் பரிந்துரைத்தது 100. அது முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது. உங்கள் கருவி லீற்றருக்கு இத்தனை பிக்கோகியூரி என்று காட்டினால் 37ஆல் பெருக்குங்கள், கனமீற்றருக்கான பெக்கரல் கிடைக்கும்.

200க்குக் கீழே என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 190 என்பது 210ஐவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல. எங்கள் கருத்து இது: 100க்குக் கீழே என்றால் நிம்மதி. 100க்கும் 200க்கும் இடையில், பேஸ்மென்டில் யாராவது தூங்கினால் குறைத்துவிடுங்கள். 200க்கு மேலே கட்டாயம் குறைக்க வேண்டும். 600ஐத் தாண்டினால் அடுத்த குளிர்காலம் வரை தள்ளிப்போட வேண்டாம். வேலை முடியும்வரை படுக்கையை மேல்தளத்துக்கு மாற்றுங்கள்.

2009 முதல் 2011 வரை நடந்த நாடளாவிய அளவீட்டில் 6.9 வீதமான கனடிய வீடுகள் 200ஐத் தாண்டியிருந்தன. மனிட்டோபா, நியூ பிரன்சுவிக், சஸ்காட்சுவான், யூகோன் ஆகிய இடங்களில் வீதம் அதிகம். இதைப் பார்த்து ரொறன்ரோப் பக்கம் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்து வீட்டில் 60, உங்கள் வீட்டில் 400 என்று இருப்பது சாதாரணம். அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண், வெடிப்புகள், காற்று இழுவை எல்லாமே வீட்டுக்கு வீடு மாறும். பழைய வீடு, புதிய வீடு என்ற பேதமும் இல்லை; புதிய வீடுகள் இறுக்கமாகக் கட்டப்படுவதால் வாயு உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

படி 1: கருவியைத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்கு ஏற்றது இரண்டு வகை.

முதலாவது ஆல்பா தடக் கருவி. கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பா, மின்சாரம் தேவையில்லை. அதற்குள் விரல்நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஆல்பா துகள் படும் ஒவ்வொரு முறையும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடு விழும். ஆய்வுகூடத்தில் அந்தத் துண்டை சோடியம் ஹைட்ரொக்சைட் கரைசலில் இட்டு வடுக்களைப் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் எண்ணி, சராசரியைக் கணக்கிடுவார்கள். ஆய்வுகூடக் கட்டணத்தோடு பெரும்பாலும் 30 முதல் 60 டொலருக்குள் முடியும். வாங்குமுன் கட்டணம் சேர்ந்ததா என்று பாருங்கள். சேராவிட்டால் அனுப்பும்போது இன்னொரு தொகை கேட்பார்கள்.

இரண்டாவது டிஜிற்றல் கருவி. விலை ஏறக்குறைய 150 டொலருக்கு மேல். எண்ணைத் தினமும் காட்டும். வேலை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கலாம் என்பதால், பேஸ்மென்டில் ஆள் இருக்கும் வீட்டுக்கு இது வாங்கத்தக்கது. சில பொது நூலகங்கள் இதை இரவலும் தருகின்றன.

எதை வாங்கினாலும் கனடா தேசிய ரேடான் தகுதித் திட்டத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். சி.என்.ஆர்.பி.பி. என்ற சுருக்கப் பெயரில் அதன் இணையத்தளத்தில் கருவிகள், ஆய்வுகூடங்கள், ஒப்பந்தக்காரர்கள் எல்லோரின் பட்டியலும் உண்டு. கரி நிரப்பிய இரண்டு முதல் ஏழு நாள் கருவிகளும் கடையில் கிடைக்கும். அவை அந்தச் சில நாட்களின் நிலையை மட்டுமே சொல்லும். அதை வைத்துப் பணம் செலவழிக்கவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

படி 2: எங்கே, எப்போது, எவ்வளவு காலம்

இந்தப் படியில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன.

காலம்: குறைந்தது 91 நாள். ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், வீடு சூடாக்கப்படும் பருவத்தில். நவம்பர் தொடக்கத்தில் வைத்து பெப்ரவரியில் எடுப்பது மிகவும் வசதி. கோடையில் யன்னல் திறந்திருக்கும்போது வரும் குறைந்த எண் உங்கள் குளிர்கால வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

தளம்: ஆள் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் தளங்களில் மிகத் தாழ்ந்தது. பேஸ்மென்டில் ஒருவர் தூங்கினால் அந்தப் படுக்கையறை. பேஸ்மென்டில் துணி துவைக்கும் இயந்திரமும் பெட்டிகளும் மட்டும்தான் என்றால் முதல் தளம். ஆனால் அடுத்த ஆண்டு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் பேஸ்மென்டிலேயே வையுங்கள்.

இடம்: மூச்சு விடும் உயரம், தரையிலிருந்து 0.8 முதல் 2 மீற்றர். கூரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் கீழே. வெளிச்சுவரிலிருந்து 50, உட்சுவரிலிருந்து 40, மற்றப் பொருட்களிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி. படுக்கையருகே உள்ள சிறு மேசை பெரும்பாலும் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும். அல்லது கூரையிலிருந்து நூலில் தொங்கவிடலாம்.

வைக்கக் கூடாத இடங்கள்: சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் அறை, சம்ப் குழிக்குப் பக்கம், ஃபர்னேஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) காற்று வரும் துவாரத்தின் எதிரே, வெயில் படும் யன்னல் மேடை, அலுமாரியின் உள்ளே. சம்ப் குழிமேல் வைத்தால் வாயு நுழையும் இடத்தை அளப்பீர்கள். நீங்கள் சுவாசிப்பதை அல்ல.

உறையைக் கிழித்த நொடியே ஆல்பா தடக் கருவி வேலை செய்யத் தொடங்கிவிடும். வைக்கத் தயாரான பிறகே திறங்கள். தொடங்கிய திகதி, நேரம், தொடர் இலக்கம் மூன்றையும் ஒரு படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வையுங்கள். பிள்ளைகளும் வீட்டுக்கு வருவோரும் கை வைக்காமல் இருக்க அருகில் ஒரு குறிப்பு ஒட்டுங்கள். மூன்று மாதம் முடிந்தவுடன் முடிவுத் திகதியை எழுதி மூடி அதே வாரம் அனுப்புங்கள். எடுத்து லாச்சியில் போட்டு ஒரு மாதம் மறந்தால், லாச்சிக் காற்றும் கணக்கில் சேரும்.

அளக்கும் காலத்தில் வழக்கம்போல் வாழுங்கள். எண் குறைய வேண்டும் என்று யன்னலைத் திறந்து வைப்பவர்களும் உண்டு, எல்லாவற்றையும் இறுக மூடுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

டிஜிற்றல் கருவி வாங்கியவர்களை அலைக்கழிப்பது அன்றாட ஏற்ற இறக்கம். இரவு 380, மதியம் 90, காற்றடித்த மறுநாள் 250 என்று காட்டும். கருவியில் கோளாறு இல்லை; வெளிவெப்பம், காற்றழுத்தம், உறைந்த நிலம், விசிறி ஓட்டம் எல்லாம் மாறுவதால் எண்ணும் மாறுகிறது. முதல் வாரத்து எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். நீண்டகாலச் சராசரி என்ற வரியை மட்டும் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

அளப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எண் கூடுதலாக வந்தால், ஆய்வுகூட அறிக்கையின் பிரதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்ராறியோவில் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையிலும் சுகாதாரத் தரங்களுக்கு ஏற்பவும் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறது. வீட்டுக்காரரும் பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான். மேல்தளத்தில் அவருடைய பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதை அன்போடு எடுத்துச் சொன்னால் வேலை விரைவாக நடக்கும்.

படி 3: பயன் தராதவற்றில் பணத்தைப் போடாதீர்கள்

வெடிப்பை அடைப்பது மட்டும் போதாது. கண்ணில் பட்ட வெடிப்பை அடைத்தால் வாயு கண்ணில் படாத வெடிப்பால் வரும். வீடு அசைய அசைய அடைப்பும் பிளக்கும். படி 4ல் வரும் விசிறி போடும் வேலைக்குத் துணையாக அடைப்பது மிக அவசியம். தனியாகப் பயன் குறைவு.

காற்றுச் சுத்திகரிப்பான் வாயுவை நீக்காது. தூசியில் ஒட்டிய சிதைவுப் பொருட்களை ஓரளவு பிடிக்கும். ஆனால் ரேடான் நொடிக்கு நொடி புதிதாக அவற்றைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். தரைக்கு எப்பொக்சி பூசுவதும் வெடிப்பை அடைப்பது போலத்தான், தனியாகப் பயன் குறைவு.

எச்.ஆர்.வி. எனப்படும் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவிக்கு ஓர் இடம் உண்டு. காற்று மாற்றம் இரட்டித்தால் ரேடான் ஏறக்குறைய பாதியாகும். எனவே 150 அல்லது 200 உள்ள வீட்டில் அது போதுமானதாக இருக்கலாம். 800 உள்ள வீட்டில் போதாது. வடிகட்டியில் தூசி அடைத்து, வெளியேற்றும் காற்று உள்ளே வரும் காற்றைவிட அதிகமாகிவிட்டால், பேஸ்மென்ட் இன்னும் உறிஞ்சத் தொடங்கி ரேடான் கூடிவிடும். சமநிலைப்படுத்திச் சரிபார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

படி 4: தளத்தின் அடியிலிருந்து இழுப்பது

நன்றாகச் செய்தால் 80 வீதத்துக்கு மேல் குறைக்கும் முறை இது. தளத்தின் கீழே ஒரு குழாயை இறக்கி, விசிறியால் இடைவிடாமல் இழுத்து, மண் காற்றை வெளியே விடுவது. வீடு மண்ணை உறிஞ்சுவதற்குப் பதில், விசிறி வீட்டுக்கு முன்னரே மண்ணை உறிஞ்சிவிடுகிறது. கொங்கிரீட்டின் அடியில் அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைந்துவிட்டால், வெடிப்பு இருந்தாலும் காற்று கீழ்நோக்கித்தான் போகும்.

சி.என்.ஆர்.பி.பி. சான்று பெற்ற ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் ஒரே நாளில் முடிப்பார். செலவு பெரும்பாலான வீடுகளில் 2,000 முதல் 4,000 டொலர். குறைந்தது இரண்டு மதிப்பீடு வாங்குங்கள். அவர் செய்ய வேண்டியவை தெரிந்திருந்தால் யாரை நம்பலாம் என்பது உங்களுக்கே விளங்கும்.

முதலில் இழுவைச் சோதனை. தளத்தில் ஒரு துளையிட்டு வெற்றிட உறிஞ்சியை மாட்டுவார். தொலைவான மூலைகளில் 10 மில்லிமீற்றர் அளவில் சிறு துளைகள் இட்டு, நுண் அழுத்தமானியை வைத்துப் பார்ப்பார். மெல்லிய புகை விடும் புகைப் பேனாவைப் பிடித்து, புகை துளைக்குள் போகிறதா என்றும் பார்க்கலாம். தளத்தின் அடியில் சரளைக்கல் இருந்தால் ஒரே குழி வீடு முழுதுக்கும் போதும். நேரே களிமண்ணிலோ இறுகிய மணலிலோ தளம் போட்டிருந்தால் இழுவை பரவாது. இரண்டு மூன்று குழிகளும் உறிஞ்சும் வலு கூடிய விசிறியும் வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் விலை சொல்லி, வசதியான மூலையில் குழாய் இறக்குபவரைத் தவிருங்கள். வேலை முடிந்தும் எண் இறங்காத வீடுகளில் பெரும்பாலும் விடுபட்டது இதுதான்.

அடுத்து உறிஞ்சு குழி. ஏறக்குறைய 5 அங்குலத் துளை வெட்டி, கையால் 20 முதல் 40 லீற்றர் அளவுக்கு மண்ணை வெளியே எடுக்க வேண்டும். குழி சிறிதானால் இழுவை பரவும் பரப்பும் சிறிதாகும். ஒரு வாளி மண்கூட வெளியே வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

குழாய் 4 அங்குல, தடித்த சுவருள்ள ஸ்கெடியூல் 40 பிவிசி. இணைப்புகள் எல்லாம் பசையிட்டு ஒட்டியிருக்க வேண்டும். விசிறிக்குப் பிறகு வரும் பகுதியில் காற்று இழுக்கப்படாமல் தள்ளப்படுகிறது, ஓர் ஒட்டாத இணைப்பு இருந்தால் செறிந்த ரேடான் வீட்டுக்குள் கொட்டும். கிடைக்கோட்டில் போகும் குழாய் மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவோடு குழிப்பக்கம் சாய வேண்டும். மண் காற்று ஈரமானது. குளிரில் நீராகி வடியும். சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிக் குழாயை அடைத்து, களகளவென்று சத்தம் போடும்.

விசிறியை நிமிர்ந்த நிலையில், ரப்பர் இணைப்புகளால் பொருத்த வேண்டும். அப்போது அதிர்வும் குறையும், தண்ணீரும் தங்காது. அமெரிக்க விதிப்படி விசிறி வாழும் இடத்துக்கு வெளியே, கூரையடியில் அல்லது வெளிச்சுவரில் இருக்கும். காற்று கூரைக்கு மேலே போகும். கனடாவின் குளிரில் வெளியே உள்ள விசிறியும் குழாயும் உறைந்து அடைபடும் என்பதால், பேஸ்மென்டிலேயே விசிறியை வைத்துப் பக்கச் சுவரால் காற்றை விடுவதும் வழக்கம். அப்படியானால் வெளிவாய் உங்கள் யன்னலுக்கும் பக்கத்து வீட்டு யன்னலுக்கும் எச்.ஆர்.வி. காற்று உள்வாங்கும் இடத்துக்கும் அருகில் இருக்கக் கூடாது. பனி குவிந்து மூடாத உயரமும் வேண்டும்.

சம்ப் குழி இருந்தால் ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத மூடி போட வேண்டும். பம்பைப் பழுதுபார்க்கக் கழற்றக்கூடிய வகையில். தரை வடிகாலில், தண்ணீரைப் போகவிட்டு வாயுவை மட்டும் தடுக்கும் வால்வு பொருத்த வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடுக்கைப் பாலியுரேத்தேன் சீலன்டால் அடைக்க வேண்டும். மண் தெரியும் தாழ்நிலத்தடியில் கனமான பொலித்தீன் விரிப்பு போட்டு, ஓரங்களைச் சுவரோடு ஒட்டி, அதன் அடியிலிருந்து இழுக்க வேண்டும்.

கடைசியாக, தவறவே விடக் கூடாத ஒன்று. அடைக்காமல் விட்ட இடைவெளிகளால் விசிறி வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையும் இழுத்தால், எரிவாயுச் சுடுநீர்த் தொட்டியின் புகை வெளியே போகாமல் திரும்பி உள்ளே வரலாம். அதில் காபன் மொனொக்சைட் இருக்கும். ரேடான் போல ஆண்டுகள் எடுக்காது, ஒரே இரவில் கொல்லும். வேலை முடிந்ததும் யன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, சுடுநீர்த் தொட்டியை எரியவைத்து, புகைக்குழாயின் அடியில் புகைப் பேனாவைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகை மேலே இழுபட வேண்டும். அறைக்குள் திரும்பி வந்தால் அன்று விசிறியை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தூங்கும் அறைக்கு அருகிலும் இருக்கட்டும்.

புதிய வீடு, கிணற்று நீர், கருங்கல்

கனடாவின் தேசியக் கட்டட விதிக்கோவை 2010 முதல் புதிய வீடுகளில் ரேடான் முன்னேற்பாட்டைக் கேட்கிறது: தளத்தடியில் சரளைக்கல், அதன்மேல் பொலித்தீன் விரிப்பு, மூடிபோட்ட ஒரு குழாய். பேஸ்மென்டில் தரையிலிருந்து முளைத்து மூடிக்கிடக்கும் அந்தக் குழாயைக் கழிவுக்குழாய் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். விசிறி பொருத்தும் செலவில் பெரும்பகுதியை அது மிச்சப்படுத்தும். அந்தக் குழாய் இருப்பதால் மட்டும் ரேடான் குறையாது. ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கான டேரியன் உத்தரவாதம் ஏழு ஆண்டுகளுக்கு ரேடானையும் உள்ளடக்குகிறது. புதிய வீடு வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்திலேயே அளந்துவிட வேண்டும்.

ஏரி நீரைக் குடிக்கும் நகரவாசிகள் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சொந்த ஆழ்கிணறு உள்ள கிராமப்புற வீட்டில் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் நீரிலிருந்து வாயு வெளியேறும். காற்றில் அளவு கூடுதலாக இருந்தால் நீரையும் சோதியுங்கள். சமையலறைக் கருங்கல் மேடையால் வருவது பொதுவாக மிகக் குறைவு. மேடையை மாற்ற வைத்திருக்கும் பணத்தைத் தளத்தடியில் போடுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் நுரையீரல் புற்றுநோயாளர்களுக்கும் கனடிய நுரையீரல் சங்கத்தின் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. வேலையைத் தொடங்குமுன் விண்ணப்பியுங்கள்.

படி 5: மீண்டும் அளப்பது, பராமரிப்பது

விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரத்துக்குப் பிறகு, 30 நாட்களுக்குள் ஒரு குறுகியகாலச் சோதனை. பிறகு அடுத்த குளிர்காலத்தில் மூன்று மாதச் சோதனை, முன்னர் வைத்த அதே இடத்தில். எண் 100க்குக் கீழே வந்தால் நல்ல வேலை. 250லிருந்து 180க்கு மட்டுமே இறங்கினால் ஒப்பந்தக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, தொலைவான மூலைவரை இழுவை போகிறதா என்று மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உறுதியளித்த எண்ணை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

விசிறியை ஒருபோதும் நிறுத்த வேண்டாம், கோடையிலும்கூட. 60 வாட் விசிறி ஆண்டு முழுக்க ஓடினால் ஏறக்குறைய 525 அலகு மின்சாரம். விடுமுறைக்குப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் அணைப்பவர்கள் இதையும் சேர்த்து அணைத்துவிட்டு, திரும்பி வந்து மறந்துவிடுகிறார்கள். ஆளியின் மேல் "அணைக்க வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்; பேஸ்மென்டில் இருப்பவர் அதை வாசிக்க வேண்டும்.

குழாயின் பக்கத்தில் யு வடிவில் வளைந்த, உள்ளே தெரியும் ஒரு சிறு குழலில் வண்ணத் திரவம் இருக்கும். அதுதான் மனோமீற்றர். விசிறி இழுக்கும்போது இரு புறத் திரவமும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். நிறுவிய நாளில் இருந்த உயரத்தை மையால் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது பாருங்கள். இரு புறமும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். குறித்த கோட்டைவிடப் பெரிதும் கூடியிருந்தால் குழாய்க்குள் தண்ணீரோ குழியில் அடைப்போ இருக்கலாம். இந்தக் குழல் இழுவையை மட்டுமே காட்டும், ரேடானைக் காட்டாது. அதற்காகத்தான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மூன்று மாதச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பேஸ்மென்டைப் புதுப்பித்தால், யன்னல்களை மாற்றினால், ஃபர்னேஸ் மாற்றினால் அந்தக் குளிர்காலத்திலேயே செய்யுங்கள்.

விசிறி பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு உழைக்கும், சில அதைத் தாண்டியும். சத்தம் கூடத் தொடங்கினால் முடிவு நெருங்குகிறது. குழியும் குழாயும் அப்படியே இருக்கும். ரப்பர் இணைப்புகளின் கவ்விகளைத் தளர்த்தி அதே வலுவுள்ள புதிய விசிறியைப் பொருத்தினால் போதும். மாதிரி இலக்கத்தையும் நிறுவிய திகதியையும் சோதனை அறிக்கைகளையும் ஒரு உறையில் போட்டு ஃபர்னேஸ் பக்கத்தில் மாட்டி வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், வாடகைக்கு வருபவர் கேட்டாலும் காட்டலாம்.